கராஜுக்கு ஏசி வாங்குமுன்

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்தது. பெரியவள் ஆஸ்டினில் படிக்கப் போகிறாள் என்ற செய்தியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். அத்தனை சந்தோஷம். ஊரில் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கேட்டாயே என்று சொல்கிறேன், இப்போது சுறுசுறுப்பாக இருக்கிறார்.

இங்கே ஃபீனிக்ஸை ஒட்டிய சாண்ட்லரில் வெயில் தொடங்கிவிட்டது. 2023 கோடையில் ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் பகலின் உச்ச வெப்பம் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையவே இல்லை. அதற்குப் பிறகு மே மாதம் வந்தாலே மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறது.

சரி, உன் கராஜுக்கு எந்த ஏசி வாங்குவது என்று கேட்டிருந்தாயே, அதற்கு வருகிறேன். நவராத்திரிக்குள் அத்தனை வீட்டுக்கும் கொலுப்படி செய்து தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறாய். என்றால், ஜூலையும் ஆகஸ்டும் அந்தக் கராஜுக்குள்தான் நிற்கப் போகிறாய். ஹூஸ்டன் வெயிலில், கதவை மூடிக்கொண்டு, ரம்பம் ஓட ஓட. ஏசி கட்டாயம் வேண்டும். இதை ஆடம்பரம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே.

என் கராஜில் இருக்கும் ஏர் கூலரைப் போல ஒன்று வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டவே வேண்டாம். ஏர் கூலர் தண்ணீரை ஆவியாக்கித்தான் காற்றைக் குளிர வைக்கிறது. இங்கே மே, ஜூனில் காற்று வறண்டு கிடப்பதால் அருமையாக வேலை செய்யும். ஜூலையில் மழைக்காற்று வந்ததும் இங்கேயே அதன் பலன் குறைந்துவிடும். உன் ஊரில் காற்று எப்போதும் ஈரம். சென்னை ஹாஸ்டலில் ஏர் கூலரைப் போட்டுவிட்டு உடம்பெல்லாம் பிசுபிசுத்துக் கிடந்தோமே, அதேதான் நடக்கும். மரத்துக்கு அது இன்னும் கெடுதல்.

மரம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 1902-இல் வில்லிஸ் கேரியர் நவீன ஏசியை வடிவமைத்தது மனிதர்களுக்காக இல்லை. நியூயார்க்கில், புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காக. காற்றில் ஈரம் ஏறி இறங்கும்போது காகிதம் விரிந்து சுருங்கும். ஒரு நிறத்தின் மேல் அடுத்த நிறம் சரியாகப் பதியாது. அதைத் தடுக்கத்தான் அந்த ஏற்பாடு. உன் பலகைக்கும் அதே பிரச்சினைதான். ஈரமான கராஜில் இறுக்கமாகப் பொருத்திய கொலுப்படி, ஏசி ஓடும் கூடத்துக்குப் போனதும் உலர்ந்து சுருங்கும், இணைப்பு தளரும். அதனால் நீ வாங்கும் இயந்திரம் குளிர்விப்பதோடு ஈரத்தையும் இழுக்க வேண்டும். எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

இங்கேதான் பலர் "பெரிதாக வாங்கினால் நல்லது" என்று வழிகாட்டுவார்கள். கேட்காதே. அளவுக்கு மீறிய ஏசி சில நிமிடத்தில் அறையைக் குளிர்த்துவிட்டு நின்றுவிடும். ஈரத்தை இழுக்க அதற்கு நேரமே இருக்காது. சில்லென்று இருக்கும், ஆனால் புழுங்கும். ரம்ப மேஜையின் இரும்பு துருப்பிடிக்கும். நீண்ட நேரம் மெதுவாக ஓடும் இன்வெர்ட்டர் வகைதான் உனக்குச் சரி.

எத்தனை டன் என்பதற்கு முன்னால் கதவைப் பார். உன் கராஜ் கதவு மேற்கு பார்த்தது என்று நினைவு. காப்பு இல்லாத மெல்லிய தகரக் கதவில் மாலை வெயில் அடித்தால், எந்த ஏசியும் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டே இருக்கும். கதவின் உட்புறம் ஒட்டும் ஃபோம் பலகைகள் கடைகளில் ஒரு தொகுப்பாகவே கிடைக்கின்றன. நான் போட்டிருக்கிறேன், மாலையில் உள்ளே நிற்கும்போது வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. ஒன்று மட்டும் கவனி: கதவின் எடை கூடினால் மேலே இருக்கும் ஸ்பிரிங்கைத் திருத்த வேண்டிவரும். அதில் நீ கை வைக்காதே, கதவுக்காரரைக் கூப்பிடு. அந்த ஸ்பிரிங் இறுக்கம் தவறி அவிழ்ந்தால் எலும்பை முறித்துவிடும். கதவின் அடியிலும் பக்கத்திலும் உள்ள ரப்பரை மாற்று. மேலே பரணில் காப்பு போட்டிருக்கிறார்களா என்றும் பார். வீட்டுக்கு மேல் போடுவார்கள், கராஜுக்கு மேல் விட்டுவிடுவார்கள்.

உன் கராஜில் இருக்கும் வாட்டர் ஹீட்டர் கேஸா, மின்சாரமா? கேஸ் என்றால் சுடர் எரியக் காற்று வேண்டும். எல்லா இடுக்கையும் அடைத்துவிட்டால் கார்பன் மோனாக்சைடு சேரும் ஆபத்து உண்டு. அடைப்பதற்கு முன் ஒரு பிளம்பரிடம் காட்டு. அலாரம் ஒன்றும் மாட்டிவிடு. இதில் நான் பிடிவாதக்காரி.

வந்து பார்த்த ஏசிக்காரர், வீட்டு ஏசியின் டக்டிலிருந்து, அதாவது காற்றுக் குழாயிலிருந்து, கராஜுக்கு ஒரு கிளை இழுத்துவிடலாம் என்றாராமே. மலிவுதான், ஆனால் ஒத்துக்கொள்ளாதே. வீட்டுக்குக் காற்று தரும் கருவி கராஜுக்கும் காற்று தரக் கூடாது, அங்கிருந்து இழுக்கவும் கூடாது என்பது அமெரிக்கக் கட்டட விதி. கார்ப் புகை, பெட்ரோல் ஆவி, வார்னிஷ் நெடி எல்லாம் அந்த வழியாகக் குழந்தைகள் தூங்கும் அறைக்கு வந்துவிடும்.

சக்கரம் வைத்த போர்ட்டபிள் ஏசி பற்றி உன் வீட்டுக்காரர் கேட்டதாக எழுதியிருந்தாய். ஒற்றைக் குழாய் வகை, உள்ளே இருக்கும் காற்றையே வெளியே தள்ளும். தள்ளிய அளவுக்கு வெளிச்சூடு இடுக்கு வழியாக உள்ளே வரும். அதனால்தான் பெட்டியில் இரண்டு எண் போட்டிருப்பார்கள். பெரிதாக 14,000 பிடியு (குளிர்விக்கும் திறனின் அளவு) என்று இருக்கும், சின்ன எழுத்தில் 10,000-ஐ ஒட்டியோ அதற்குக் கீழேயோ இன்னொன்று. அந்தச் சின்ன எண்ணைத்தான் நம்ப வேண்டும். ஜன்னல் ஏசிக்கு உன் கராஜில் ஜன்னலே இல்லை. சுவரைத் துளைத்து வைக்கலாம், ஆனால் தெருவுக்குத் தெரிந்தால் உங்கள் குடியிருப்புச் சங்கம் விடாது.

மிச்சம் இருப்பது மினி ஸ்பிளிட், நம் ஊர் ஸ்பிளிட் ஏசிதான். இங்கே பிடியுவில் சொல்வார்கள், 12,000 பிடியு ஒரு டன். இரண்டு கார் நிற்கும் 400 சதுர அடி கராஜுக்கு, கதவும் பரணும் சரியாக இருந்தால் ஒரு டன் போதும் என்பது என் எண்ணம். எதுவும் செய்ய முடியாவிட்டால் ஒன்றரை டன். அதற்குத் தனி பிரேக்கர் கேள். ரம்பமும் தூசி உறிஞ்சியும் ஓடும் லைனில் ஏசியையும் சேர்த்தால் அடிக்கடி விழும். ஏசிக்குள் ஓடும் குளிர்விக்கும் கேஸ் சம்பந்தப்பட்ட வேலையை உரிமம் உள்ளவர்தான் செய்யலாம். நீயே பொருத்தலாம் என்று, கேஸ் முன்பே நிரப்பிய குழாய்களோடு சில வருகின்றன. ஆனாலும் மின் இணைப்புக்கு எலக்ட்ரீஷியன் வேண்டும்.

உள் யூனிட்டை ரம்பத்துக்கு எதிர்ச்சுவரில், உயரத்தில் மாட்டச் சொல். மரத்தூள் அதற்கு எமன். வடிகட்டியைக் கழுவுவது சுலபம், உள்ளே சுழலும் உருளையில் தூள் அப்பிவிட்டால் கழற்றி எடுப்பது பெரும்பாடு. தூசி உறிஞ்சியை இணைக்காமல் மணல் காகிதம் போடாதே. அப்புறம், ஸ்பிளிட் ஏசி உள்ளே இருக்கும் காற்றைத்தான் சுற்றவிடும், புதுக்காற்று தராது. வார்னிஷ் அடிக்கும் நாளில் ஏசியை நிறுத்திவிட்டுக் கதவைத் திற. அந்த வேலையை விடிகாலையில் வைத்துக்கொள்.

ஈரமானி ஒன்று வாங்கிச் சுவரில் மாட்டு, விலை அதிகமில்லை. காற்றின் ஈரம் 50 சதவீதத்தை ஒட்டி நின்றால் மரம் நிம்மதியாக இருக்கும். நீ வேலை செய்யாத நாளில் ஏசி எதற்கு, ஈரத்தை மட்டும் இழுக்கும் சின்ன டீஹியூமிடிஃபையர் போதும்.

கராஜின் நீள அகலம், கதவு எந்தத் திசை, பிரேக்கர் பெட்டியில் எத்தனை இடம் காலி, ஹீட்டர் எந்த வகை, இந்த நாலையும் எழுதி அனுப்பு. பெட்டியைத் திறந்து ஒரு படமும் எடு. அடுத்த ஞாயிறு போனில் உட்கார்ந்து மாடலைத் தேர்ந்தெடுத்துவிடலாம். எனக்கும் ஏழு படி ஒன்று வேண்டும், என் பெயரையும் பட்டியலில் எழுதிக்கொள்.

அன்புடன்,
மீனா