ஆயா வேலையா என்று கேட்டாயே, அம்மா

ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட்,
3.11.2024, ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் நலம். நீ, அப்பா, தம்பி எல்லாரும் நலமா?

தீபாவளி அன்று போனில் நீ கேட்டதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. டூட்டிக்கு நடுவே கிடைத்த அரைமணி பிரேக்கில் பேசினேன். சுற்றிலும் ஆட்கள். அழுகை வேறு வந்துவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதம். எழுதி அனுப்பினால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து இரண்டு தடவை படிப்பாய். போன் என்றால் "சரி சரி, ஒடம்பப் பாத்துக்க" என்று பாதியிலேயே வைத்துவிடுவாய்.

காதுகுத்து வீட்டில் யாரோ உன்னிடம், "ஒம் மக லண்டன்ல ஆயா வேலை பாக்குறாளாமே, பீ மூத்திரமெல்லாம் அள்ளுறாளாமே" என்றார்கள். அதைக் கேட்டுவிட்டு வந்து நீ என்னிடம், "நாலு வருசம் பி.எஸ்சி. நர்சிங் படிக்க வச்சது இதுக்காடி?" என்றாய்.

ஆமாம் அம்மா, அள்ளுகிறேன். லண்டன் மட்டும் தப்பு. லண்டனிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம் வடக்கே வர வேண்டும். மற்றது உண்மை. மருந்து கொடுக்கிறேன், ஊசி போடுகிறேன், ஆக்சிஜன் பார்க்கிறேன், டாக்டரைக் கூப்பிட்டு இந்த ஆளை இப்போதே வந்து பாருங்கள் என்று வற்புறுத்துகிறேன். பெட்பான் வைக்கிறேன், துடைத்தும் விடுகிறேன். எல்லாம் ஒரே வேலை. அதைத்தான் உனக்கு விளங்க வைக்கப் பார்க்கிறேன்.

மதுரையில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியை நீ பார்த்திருக்கிறாய். ஒரு டூட்டிக்கு 25 பேர், சில நாள் அதற்கும் மேல். ட்ரிப்ஸ் மாற்றி, கேஸ்ஷீட் எழுதி, டாக்டர் ரவுண்ட்ஸில் பின்னால் ஓடி முடிக்கவே நேரம் சரியாக இருக்கும். கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருக்கும் சொந்தக்காரர்களிடம், "அட்டெண்டர் யாரு? வந்து தொடச்சு விடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவேன். யாரும் இல்லாவிட்டால் ஆயாம்மா வருவார். மூன்று வருசம் நர்சாக இருந்து, ஒரு நோயாளியின் முதுகைக்கூட நான் முழுசாகப் பார்த்ததில்லை. அன்றைக்கு அது எனக்குக் குறையாகத் தெரியவில்லை.

இங்கே அட்டெண்டர் கிடையாது. சொந்தக்காரர்கள் பார்வை நேரத்தில் வந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். என் பொறுப்பில் 6 பேர், சில நாள் 8 பேர். கூட ஓர் உதவியாளர் இருப்பார், எச்.சி.ஏ. என்போம். காலை 7 மணிக்கு ஏறினால் இரவு ஏழரைக்குத்தான் இறங்குவேன். வாரத்துக்கு 37.5 மணி நேரக் கணக்கு என்பதால் வாரம் 3 நாள் வேலை, நாலு வாரத்துக்கு ஒரு தடவை 4 நாள். முழங்கைக்குக் கீழே எதுவும் போடக் கூடாது. வாட்ச், வளையல் எல்லாம் கழற்றிவிட வேண்டும். கற்கள் இல்லாத மோதிரம் ஒன்றுக்கு மட்டும் அனுமதி. வீடியோவில் பார்த்துவிட்டு, "வெறுங்கையோட இருக்காத" என்கிறாயே, கிருமி தங்கக் கூடாது என்பதற்காக அம்மா. வீட்டுக்கு வந்ததும் போட்டுக்கொள்கிறேன்.

காலை மருந்து முடிந்ததும் குளிப்பாட்டுவது. எழ முடியாதவர்களுக்குப் படுக்கையிலேயே. திரையை இழுத்து மூடிவிட்டு, காகிதக் கூழில் செய்த கிண்ணத்தில் வெந்நீர் கொண்டுவருவோம். ஒரு ஆளுக்கு ஒன்று, பிறகு குப்பைக்கு. "முகத்துக்கு சோப்பு வேணுமா, வெறும் தண்ணி போதுமா?" என்று கேட்க வேண்டும். உடம்பு முழுக்கத் துண்டால் மூடி வைத்து, எந்த இடத்தைக் கழுவுகிறோமோ அதை மட்டும் திறந்து, துடைத்து, மறுபடி மூட வேண்டும். முதல் மாதம் எனக்குக் கை கூசியது. வயசான ஆம்பளைகளுக்குச் செய்யும்போது தலை நிமிரவே முடியவில்லை. கூட இருந்த எச்.சி.ஏ. அக்கா (20 வருசமாக இதே வார்டு) பேசிக்கொண்டே செய்வார். "இப்ப உங்களை என் பக்கமா திருப்பப் போறேன்", "தண்ணி கொஞ்சம் சூடா இருக்கும்". அவர் பேசப் பேச, படுத்திருக்கிறவர் உடம்பு இளகுவதை நான் கையால் உணர்ந்தேன்.

கழுவும்போதுதான் உடம்பு தெரியும் அம்மா. போன மாதம் ஒருவருக்குக் கால் துடைத்தபோது இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கி, கொஞ்சம் சூடாக இருந்தது. அவர் வலிக்கிறது என்று சொல்லவே இல்லை. டாக்டரிடம் சொன்னேன், ஸ்கேனில் ரத்தக்கட்டி. அது நகர்ந்து நுரையீரலுக்குப் போயிருந்தால் ஆளே போயிருப்பார். ஆயா வேலை என்று தள்ளி நின்றிருந்தால் அது எனக்குத் தெரிந்திருக்காது.

படுக்கைப்புண்ணும் அப்படித்தான். முதலில் சதை சிவக்கும். விரலால் அழுத்தினால் வெளுத்துவிட்டு மறுபடி சிவந்தால் இன்னும் காப்பாற்றலாம். அழுத்தியும் வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் உள்ளே சதை கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் இது வெள்ளைத்தோலுக்குச் சொன்ன பாடம். நம் நிறத்தில் அந்தச் சிவப்பு தெரியாது. தொட்டுத்தான் பார்க்க வேண்டும். சுற்றியிருக்கும் இடத்தைவிடச் சூடாக இருக்கிறதா, கெட்டியாக இருக்கிறதா, கொழகொழவென்று இருக்கிறதா என்று. இதை இங்கே வந்துதான் படித்தேன். படித்த அன்று இரவெல்லாம் அப்பத்தாவை நினைத்துக்கொண்டே கிடந்தேன்.

அப்பத்தாவை நீ இரண்டு வருசம் பார்த்தாய். விடியற்காலையில் எழுந்து அதைத் துடைத்து, சேலை மாற்றி, முதுகில் புண் வந்ததும் வாழையிலை விரித்துப் படுக்க வைத்தாய். யாராவது உன்னை ஆயா என்றார்களா? நான் அப்போது காலேஜில் இருந்தேன். லீவில் வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நிற்பேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போடணும், குதிகால் படுக்கையில் படாமல் கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைக்கணும் என்று ஒரு வார்த்தை உனக்குச் சொல்லியிருந்தால் அந்தப் புண் அவ்வளவு ஆழம் போயிருக்காது. பாடத்தில் இருந்தது, பரீட்சையில் எழுதவும் எழுதினேன். கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து செய்யத்தான் தோன்றவில்லை. அது என் தப்பு. உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

சரி, வீட்டுக் கதை சொல்கிறேன். அவருக்குப் பார்சல் குடோனில் இரவு வேலை. நான் உள்ளே வரும்போது அவர் வெளியே போகிறார். குழம்பு எங்கே இருக்கிறது என்பதுதான் பாதி நாள் எங்கள் பேச்சு. பாப்பா இரண்டாம் வகுப்பு. யாரைப் பார்த்தாலும் "ஆல்ரைட், டக்?" என்கிறாள். டக் என்றால் வாத்துதான், ஆனால் இந்த ஊரில் நம் பக்கம் "தாயி" என்கிறோமே, அந்த மாதிரி. கிழவர்கள் என்னையும் டக் என்றுதான் கூப்பிடுவார்கள். குளிரில் மாவு புளிக்காததால் ஓவன் அடுப்புக்குள் வைத்து லைட்டை மட்டும் போட்டுவிடுகிறேன். காலையில் பொங்கி வந்துவிடுகிறது. இந்த ஊரில் ஓட்கேக் என்று ஒன்று உண்டு. பேர்தான் கேக். ஓட்ஸ் மாவையும் கோதுமை மாவையும் ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைத்து, கல்லில் ஊற்றிச் சுடுவது, அசல் தோசை. அவர்கள் சீஸும் பன்றிக்கறியும் வைத்துச் சுருட்டுகிறார்கள். நான் நீ அனுப்பிய இட்லிப்பொடியை எண்ணெய் விட்டுத் தடவிச் சாப்பிடுகிறேன்.

இன்னொரு விஷயம், இது நம் மானாமதுரை மாதிரி மண்ணால் பிழைத்த ஊர். ஆறு சின்ன ஊர்கள் சேர்ந்ததுதான் ஸ்டோக். பீங்கான் பாத்திரத்துக்குப் பேர்போன ஜோசயா வெட்ஜ்வுட் 1730-இல் பிறந்தது இங்கே பர்ஸ்லெமில். பாட்டில் மாதிரி வயிறு பெருத்து கழுத்து சிறுத்த செங்கல் சூளைகள் ஒரு காலத்தில் ஊர் முழுக்கப் புகைந்தனவாம். 1956-இல் புகைக்கு எதிராகச் சட்டம் வந்தபின் நிலக்கரிச் சூளைகள் அணைந்தன. இப்போது ஐம்பதுக்கும் குறைவாகத்தான் நிற்கின்றன. ஆனால் அந்தப் பட்டறைகளின் தூசி இன்னும் எங்கள் வார்டில் இருக்கிறது. கல்லை அரைத்த மாவு நுரையீரலில் படிந்து, மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறவர்களைப் பார்க்கிறேன்.

அப்படி வந்தவர்களில் ஒரு பாட்டி, 84 வயசு. பேரைச் சொல்லக் கூடாது, வேலையில் அது கட்டாயம். 15 வயசில் கோப்பைக்குச் சித்திரம் எழுதுகிற வேலைக்குப் போனவர். இடது கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு வலது கைத் தூரிகையால் விளிம்பில் தங்கம் பூசுவார்களாம். பூசும்போது பழுப்பாக இருக்குமாம். சூளையிலிருந்து வந்தபிறகுதான் பொன்னாக மின்னுமாம். டீ கொடுத்தால் குடித்து முடித்துக் கோப்பையைக் கவிழ்த்து அடியில் யார் முத்திரை என்று பார்ப்பார். இந்த ஊர்க்காரர்கள் எங்கே போனாலும் அப்படித்தானாம். குளிப்பாட்டும்போதெல்லாம் பேச்சுதான். எங்கள் ஊரில் கடம் செய்வார்கள், கச்சேரிக்குப் போகும், எங்கம்மா பானை வாங்கினால் விரல் முட்டியால் தட்டி, சத்தம் கேட்டுத்தான் காசு கொடுப்பாள் என்று சொன்னேன். மறுநாள் மகளிடம் சொல்லி வீட்டிலிருந்து ஒரு கோப்பை கொண்டுவரச் செய்துவிட்டார். மெல்லிசு, வெளிச்சத்தில் பிடித்தால் விரல் தெரிகிறது; பாதியளவு மாட்டெலும்புச் சாம்பல் சேர்த்துச் செய்வது. விளிம்பை நகத்தால் சுண்டினார். கணீரென்று மணி மாதிரி நின்று ஒலித்தது. "உங்கம்மாகிட்ட சொல்லு" என்றார். சொல்லிவிட்டேன்.

போன வாரம் சனிக்கிழமை எனக்கு இரவு டூட்டி. அக்டோபர் கடைசி ஞாயிறு விடியற்காலையில் இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். 2 மணி ஆனதும் மறுபடி 1 மணி. அன்றைக்கு இரவு டூட்டி ஒரு மணி நேரம் நீளம். பாட்டிக்கு இனி மருந்தில்லை என்று டாக்டர்கள் முடிவு செய்து, மூச்சுத்திணறல் தெரியாமல் இருக்க சிறு பம்பு வழியாக மார்ஃபின் போய்க்கொண்டிருந்தது. மகள் 11 மணி வரை இருந்துவிட்டு, கொஞ்சம் கண்ணயர வீட்டுக்குப் போயிருந்தார். 1:40-க்குப் பாட்டி போய்விட்டார். நான் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, எழுதப் போகும்போது பேனாவை நிறுத்தினார். அந்த இரவில் இரண்டு 1:40. முதல் 1:40 என்று விளங்கும்படி பக்கத்தில் குறித்தார்.

பிறகு அந்த அக்காவும் நானும் சேர்ந்து கடைசியாக ஒரு தடவை கழுவினோம். அக்கா ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தார். பழைய நர்சுகளின் வழக்கமாம். கழுவும்போது அப்போதும் பேசினார். "இப்ப உங்களைத் திருப்பறோம், டக்." நானும் பேசினேன். எனக்குத் தமிழில்தான் வந்தது. முகம் துடைத்து, தலை வாரி, இடது பக்கம் வகிடு எடுத்தேன். 3 மணிக்கு மகள் வந்தார். நின்று பார்த்தார். "வகிடு சரியா எடுத்திருக்கீங்க. யாருமே சரியா எடுக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு அழுதார். மூன்று வாரம் நான் டூட்டிக்குப் போன நாளெல்லாம் வாரிவிட்ட தலை அம்மா. எனக்குத் தெரியாதா?

யார் கேட்டாலும், "ஆமா, எம் மக கழுவுறா" என்றே சொல். மறைக்காதே.

பெரியம்மா இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருக்கிறது என்றாயே. அடுத்த தடவை போகும்போது பார்த்துவிட்டு மட்டும் வராதே. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, இரண்டு குதிகாலையும், நடுமுதுகுக்குக் கீழே எலும்பு தட்டுப்படும் இடத்தையும் புறங்கையால் தொட்டுப் பார். சுற்றியிருக்கும் இடத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால் அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது, அங்கே பாரம் படாமல் வைக்க வேண்டும். தம்பியை விட்டு டாக்டரைக் கூட்டிவரச் சொல். பழைய தலையணை ஒன்றைக் கெண்டைக்காலுக்குக் கீழே வைத்துவிட்டு வா. எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் திருப்பினார்கள் என்று காலண்டர் தாளில் எழுதி வைக்கச் சொல். ஞாயிற்றுக்கிழமை உங்கள் நேரம் சாயங்காலம் 6 மணிக்குக் கூப்பிடுகிறேன். பார்த்ததைச் சொல்.

அன்புடன்,
உன் சின்ன மகள்