பதறியது அந்தப் பெண்ணின் குற்றமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன செவ்வாய்க்கிழமை உங்கள் பேப்பரில் ஐந்தாம் பக்கத்தில் சிலிண்டர் தீ விபத்து பற்றி ஒரு செய்தி. அதன் கடைசி வரி: "அந்தப் பெண் பதற்றப்படாமல் இருந்திருந்தால் விபத்தைத் தவிர்த்திருக்கலாம்." உடம்பு வெந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிற ஒருத்தியைப் பற்றி இப்படி எழுத எப்படி மனசு வந்தது? நான் 19 வருடமாக உங்கள் வாசகி. அந்த உரிமையில்தான் கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நானும் பதறியவள்தான். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு மார்கழி விடிகாலை, நாலரை மணி இருக்கும். கோலம் போட எழுந்து சமையலறைக்குள் போய் லைட்டைப் போடக் கை நீட்டினேன். அழுகின முட்டை மாதிரி வாடை. கை அப்படியே நின்றுவிட்டது. இருட்டில் தடவித் தடவிப் போய் ரெகுலேட்டரை மூடினேன், அப்பவும் உஸ்ஸென்று சத்தம் நிற்கவில்லை. ரெகுலேட்டரையே கழற்றிவிட்டு, நைலான் கயிற்றில் சிலிண்டரோடு கட்டி வைத்திருந்த வெள்ளை மூடியை வால்வு மேல் வைத்து அமுக்கினேன். டக்கென்று உட்கார்ந்தது, சத்தம் நின்றது. வாடைக்கு எழுந்து வந்த என் வீட்டுக்காரர் எக்ஸாஸ்ட் ஃபேன் சுவிட்ச் பக்கம் போனார். "தொடாதீங்க"ன்னு நான் போட்ட சத்தத்தில் மாடிவீட்டுக்காரர்களே எழுந்துவிட்டார்கள். பின்கதவைத் திறந்துவிட்டு எல்லோரும் தெருவுக்கு வந்து, அங்கிருந்துதான் கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906-க்கு போன் செய்தோம். வந்த மெக்கானிக் வால்வுக்குள் இருந்த வாஷரை எடுத்துக் காட்டினார், தேய்ந்து விரிசல் விட்டிருந்தது. அவர் போன பிறகும் ரொம்ப நேரம் என் முழங்கால் நடுங்கிக்கொண்டேதான் இருந்தது.

இதெல்லாம் என் புத்திசாலித்தனம் இல்லை, ஐயா. கல்யாணமான புதிதில் பழைய வீட்டுக்கு சிலிண்டர் போட வந்த ஒரு பெரியவர், அவசரப்படாமல் உட்கார்ந்து, சோப்புத் தண்ணீரை வால்வில் தடவி குமிழி வருகிறதா என்று காட்டினார். மூடியை என் கையில் கொடுத்து, "நீயே போட்டுப் பாரும்மா" என்று மூன்று தடவை போட வைத்தார். கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு படுத்துக் கிடக்கும், அதனால் ஜன்னலோடு நிற்காமல் கதவையும் திறக்கணும் என்று சொன்னதும் அவர்தான். பத்து நிமிஷம் ஆகியிருக்குமா? அந்தப் பத்து நிமிஷம்தான் அத்தனை வருஷம் கழித்து என் குடும்பத்தைக் காப்பாற்றியது. இப்போது வரும் பையன் சிலிண்டரை வாசலில் இறக்கிவிட்டு, மேல்காசு வாங்கிக்கொண்டு ஓடுகிறான். கசிவு பார்த்துக் கொடுப்பா என்றால் இன்னும் முப்பது வீடு இருக்கு என்கிறான். அவனைக் குறை சொல்லி என்ன, அவனுக்கு நேரம் கொடுக்காதவர்களை யார் கேட்பது? அந்தப் பெண்ணுக்கு யாராவது ஒருமுறை அந்த மூடியைக் கையில் கொடுத்துக் காட்டினார்களா என்று உங்கள் நிருபர் விசாரித்தாரா?

வேலை செய்கிற இடத்துக் கதையையும் சொல்லிவிடுகிறேன். மாசி வீதிப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் 16 வருடம் பில் போட்டேன். தீபாவளி நெருங்கினால் பின்பக்க மாடிப்படி முழுக்கச் சேலை பண்டலும் அட்டைப்பெட்டியும்தான். படிக்குக் கீழே இருக்கிற கதவுக்குப் பூட்டு, சாவி மேனேஜர் டிராயரில். கேட்டால், திருட்டுப் போகிறதாம். தீயணைக்கிற சிவப்பு சிலிண்டர் பொம்மைக்குப் பின்னால் மறைந்திருக்கும். தீ ஒத்திகை என்று ஒரு நாள் கடை திறப்பதற்கு முன்னால் ஆறு பேரை நிற்க வைத்து போட்டோ எடுத்தார்கள், அவ்வளவுதான். இரண்டாவது மாடியில் நின்ற நாற்பது பெண்பிள்ளைகளுக்கு அந்தச் சிவப்பு சிலிண்டரின் பூட்டு ஊசியை அப்படியே இழுக்கணுமா, திருகணுமா என்பதுகூடத் தெரியாது. நான் கேட்டதற்கு, "அக்கா, பில் போடுகிற வேலை உங்களுக்குப் போதாதா?" என்றார்கள். அப்புறம் 2020 தீபாவளி சமயத்தில் நவபத்கானா தெருவில் ஜவுளிக்கடை எரிந்து, அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் இரண்டு பேர் இடிபாட்டில் சிக்கிச் செத்தார்களே, உங்களுக்குத் தெரியாததா? அன்றைக்கு எங்கள் பின்கதவுப் பூட்டை நினைத்து எனக்குத் தூக்கமே வரவில்லை.

கும்பகோணம் பள்ளிக்கூடத் தீயில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகள் போனார்கள். சத்துணவு அடுப்பின் தீ கீற்றுக் கூரையில் பிடித்தது. அந்தப் பிள்ளைகள் பதறியதால்தான் போனார்கள் என்று யாராவது எழுத முடியுமா? கூரை யார் போட்டது, படி ஏன் அவ்வளவு குறுகல் என்றுதானே அன்றைக்கு எல்லோரும் கேட்டோம். சமையலறையில் ஒரு பெண் எரிந்தால் மட்டும் ஏன் கேள்வி அவள் பக்கம் திரும்புகிறது?

என் அத்தைக்குக் கொதிக்கிற எண்ணெய் கையில் கொட்டியபோது, பக்கத்து வீட்டுக்காரர்கள் பாசத்தோடு டூத் பேஸ்ட்டைப் பூசிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் அதைச் சுரண்டி எடுத்தபோது அத்தை கத்திய கத்தல் இன்னும் காதில் இருக்கிறது. "இருபது நிமிஷம் குழாய்த் தண்ணீரில் காட்டியிருந்தால் போதுமே அம்மா" என்று அந்த நர்ஸும் கண் கலங்கிவிட்டார். இதைக் கண்ணில் படுகிற மாதிரி உங்கள் பேப்பரில் நான் பார்த்த ஞாபகமே இல்லை. நகைக்கடை விளம்பரத்துக்கு முழுப் பக்கம் கிடைக்கிறதே.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. தீ விபத்துச் செய்தி போடும்போதெல்லாம் அதன் கீழே நாலே வரி கட்டம் கட்டிப் போடுங்கள்: கேஸ் கசிவுக்கு 1906, தீக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108, எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதே, மூடியால் மூடு. வீட்டில் நாங்கள் கத்தரித்துச் சமையலறைக் கதவில் ஒட்டிக்கொள்வோம். அப்புறம், அந்தக் கடைசி வரிக்காக அந்தப் பெண்ணின் குடும்பத்திடம் ஒரு சின்ன வருத்தமாவது தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
செல்லூர், மதுரை.