பொருள் சேர்க்கும் ஹட்டன் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

வீடில்லாத இளைஞர்களுக்காக நீயும் உன் கூட்டாளிகளும் கடை கடையாக ஏறி இறங்கிப் பொருள் சேர்ப்பதாகக் கேள்விப்பட்டேன். நெஞ்சு நிறைந்து போனது.

"நம்ம பக்கம் வீடில்லாத பொடியன்கள் எங்கே இருக்கிறார்கள்?" என்று சிலர் கேட்டார்களாம். பஸ் ஸ்டாண்டில் படுத்திருந்தால்தான் அவர்கள் கண்ணுக்குத் தெரியும் போல. மலையகத்தில் அப்படிப்பட்ட பிள்ளை பெரும்பாலும் பெரியம்மா வீட்டு இஸ்தோப்பிலோ (முன் திண்ணையிலோ) கூட்டாளி வீட்டு அடுப்படியிலோ ஒண்டியிருக்கும். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா அறையில் உள்ளே இடமேது? லயம் என்கிற அந்த வரிசை வீடுகள் தேயிலைத் தோட்டத்துக்குச் சொந்தம். தாய் தகப்பன் போன பிறகு, தோட்டத்தில் பேர் பதியாத பிள்ளை அங்கே உரிமை கேட்பது லேசில்லை. கொழும்புக் கடைகளுக்குப் போனவனுக்குக் கடைக்குள்ளேயே படுக்கை. வேலை போனால் அன்றைக்கே படுக்கையும் போகும். மண்சரிவு வேறு இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியாபெத்தையில் லயங்களை மண் மூடியபோது, தப்பியவர்கள் வீட்டுக்காக எவ்வளவு காலம் காத்துக் கிடந்தார்கள்!

சரி, பொருளுக்கு வருகிறேன். பழைய சட்டை எல்லாரும் தருவார்கள். உள்ளாடையை மட்டும் புதிதாக வாங்குங்கள். பெண் பிள்ளைகளுக்குப் பேட், கேட்காமலே பையில் இருக்கட்டும். துவாய், சவர்க்காரம், பற்பசை, குடை. போர்வை வாங்கும்போது மட்டும் கொஞ்சம் யோசி. தென்மேற்குப் பருவமழை பிடித்தால் ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கம் துணி நாள்கணக்கில் காயாது. அடுப்புக்கு மேலே கொடி கட்டித்தான் காயப் போடுவோம். இஸ்தோப்பில் படுப்பவன் அந்தக் கொடியில் தன் துணிக்கு இடம் கேட்கக் கூச்சப்படுவான். தடித்த கம்பளி ஒருமுறை சாரலில் நனைந்தால் நாற்றம் எடுத்துவிடும். மெல்லிய போர்வை இரண்டாகக் கொடு, ஒன்று காயும்வரை மற்றது உதவும்.

அப்புறம், சின்னப் பூட்டுப் போடக்கூடிய பை ஒன்று. அதற்குள் தண்ணீர் புகாத பிளாஸ்டிக் உறை. பிறப்புச் சான்றிதழ் நனைந்து கிழிந்துபோனால் அடையாள அட்டை எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். நிலையான முகவரி இல்லாதவன் அதற்காகக் கிராம சேவகர் முன்னால் தனியாகப் போய் நிற்கத் தயங்குவான். உங்களில் ஒருவர் கூடப் போனால், நீங்கள் கொடுக்கும் எந்தப் பொருளையும்விட அது பெரிய உதவி.

பொருளை வாங்குபவனைப் படம் எடுக்காதீர்கள், தம்பி. நம் டவுனில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். அந்தப் படம் ஃபேஸ்புக்கில் வந்தால் அவனுக்கு மட்டுமா அவமானம்? "சொந்தப் பிள்ளையை இப்படி விட்டுவிட்டார்களே" என்ற பேச்சு, இல்லாத இடத்திலும் இடம் கொடுத்த பெரியம்மாவின் தலையில் விழும். அடுத்த நாளே அந்த இஸ்தோப்பும் இல்லாமல் போகலாம். நன்கொடை தந்தவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டுமா, கடை பில்லைப் போடுங்கள்.

பைகளும் பிளாஸ்டிக் உறைகளும் என் பொறுப்பு. எத்தனை பேருக்கு என்று மட்டும் சொல், பெயர் வேண்டாம். வரும் ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குக் கொண்டு வருகிறேன். கிராம சேவகரிடம் போக ஆள் குறைந்தால் அதற்கும் கூப்பிடு.

அன்புடன்,
உன் அக்கா