காகிதத்தைப் பிள்ளைகள் தம் கையால் செய்து பார்க்கட்டும்: டர்பன் தமிழ் வகுப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ் வகுப்புப் பொறுப்பாளர்களுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் வணக்கம்.

மறுசுழற்சி பற்றிய பாடம் வந்தால் நம் பிள்ளைகள் ஒரு மரத்தை வரைந்து, அதன் அடியில் "மரங்களைக் காப்போம்" என்று எழுதுவதோடு பாடம் முடிந்துவிடுகிறது. நோக்கம் நல்லதே. ஆயினும் நம் மாகாணமான குவாசுலு-நட்டாலில் காகிதக் கூழுக்காக வெட்டப்படுபவை பெரும்பாலும் அதற்கென்றே நட்டு வளர்க்கப்படும் தைல மரங்களும் பைன் மரங்களும்தாம். மரத்தை மட்டுமே காரணமாகக் காட்டினால், விவரம் தெரிந்த பிள்ளை நாளை அதை எளிதில் மறுத்துவிடும்.

வலுவான காரணம் நம் வீடுகளுக்கு அருகிலேயே இருக்கிறது. கிளேர் எஸ்டேட் மக்கள் பிஸாஸர் ரோடு குப்பைமேட்டோடு பல்லாண்டு வாழ்ந்தவர்கள். இத்தகைய மேடுகளில் காற்றுப் புகாமல் புதையும் காகிதம் மட்கும்போது, புவியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு உண்டாகிறது. பிஸாஸர் ரோட்டில் அந்த வாயுவைக் குழாய்களால் உறிஞ்சி மின்சாரமே எடுத்தார்கள் என்றால், அங்கே எவ்வளவு குப்பை புதைந்திருக்கும் என்று பிள்ளைகளே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

ஆகவே, மூன்றாம் பருவத்தில் இரண்டு வகுப்புகளைக் காகிதம் செய்வதற்கென ஒதுக்குமாறு வேண்டுகிறேன். எழுதித் தீர்ந்த தாள்களைக் கிழித்து இரவு முழுதும் ஊறவைத்து, மறுநாள் அரைத்து, தொட்டித் தண்ணீரில் கலக்க வேண்டும். கொசுவலை அறைந்த மரச்சட்டத்தை அதில் அமிழ்த்தி மட்டமாகத் தூக்கினால், தண்ணீர் வடிந்து மெல்லிய படலம் தங்கும். அதைப் பருத்தித் துணியில் கவிழ்த்து, அழுத்தி, வெயிலில் உலர்த்தினால் தாள் ஆகிவிடும். பசை எதுவும் வேண்டாம்; நீர் வற்ற வற்ற நார்கள் தாமே ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. அந்தத் தாளையே மறுபடி அரைத்துச் செய்யச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் நார் குட்டையாகி வலுவிழப்பதால், ஒரே நாரை முடிவின்றிப் பயன்படுத்த முடியாது என்பது அப்போது விளங்கும். அன்னதானத்தில் எண்ணெய் படிந்த காகிதத் தட்டை நல்ல தாள்களோடு ஏன் போடக் கூடாது என்பதையும், அதில் ஒரு துண்டைக் கூழில் கலந்து காட்டினாலே புரிந்துகொள்வார்கள்.

மூன்றாம் பருவத்தை நான் கேட்பதற்குக் காரணம் உண்டு: அது கரும்பு ஆலைகள் ஓடும் காலம். 1860இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்தவர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் வெட்டிய கரும்பின் சக்கையிலிருந்தும் காகிதம் செய்யலாம். நம் மாகாணத்து ஸ்டேங்கர் காகித ஆலை நெடுங்காலம் அதைப் பயன்படுத்தியது. தமிழ்நாட்டில் புகளூர் ஆலையும் அப்படியே தொடங்கியது. சக்கையைக் கூழாக்கக் காரத்தில் வேகவைக்க வேண்டும் என்பதால் வகுப்பில் அதைச் செய்ய வேண்டாம். நாரை விரலால் பிரித்துப் பார்க்கச் செய்தாலே போதும்.

தெருக்களில் தள்ளுவண்டியோடு அட்டையும் காகிதமும் திரட்டுபவர் ஒருவரையும் வகுப்புக்கு அழையுங்கள். எந்தத் தாளுக்கு விலை உண்டு, எது வீண் என்பதை அவரைவிட நன்கு அறிந்தவர் இல்லை. அவருக்கு அந்த நாளின் கூலியைக் கொடுப்பது நம் கடமை.

சட்டங்களும் தொட்டிகளும் செய்து தர மெர்பேங்கில் பெற்றோர் சிலர் முன்வந்துள்ளோம். பருவம் தொடங்கும் முன் கூடும் ஆசிரியர் கூட்டத்தில் இதை முடிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மெர்பேங்கிலிருந்து ஒரு பெற்றோர்