ஞாயிறு மாலை பசூன் கேட்போம்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு மாலை 5 மணிக்கு மண்டபம் ஊரில், வழக்கமான மொட்டைமாடியில் கூடுகிறோம். இந்த முறை நாம் பேசப்போகும் கலைஞர் மிலன் துர்க்கோவிச். 1939-இல் சாக்ரெப்பில் பிறந்தவர். பசூன் என்ற மேலைநாட்டு ஊதுகருவியின் தனி வாசிப்பில் பெயர் பெற்றார், வியன்னாவில் பழைய இசையை அந்தக்காலக் கருவிகளில் வாசித்த ஹார்னன்கூர்ட் குழுவில் பழங்காலப் பசூனும் வாசித்தார், அப்புறம் இசைக்குழு நடத்துநர் ஆனார்.

பசூன், சுமார் இரண்டரை மீட்டர் குழலை மடித்துச் செய்த மரக் கருவி. உயிர் அதன் இரட்டை நாக்கில் இருக்கிறது, நம் நாகசுரச் சீவாளி மாதிரியே. அதுவும் நாணல் வகைத் தட்டைதான். கடற்காற்றின் ஈரத்தில் சீவாளி படுத்தும் பாடு இங்கே வாசிக்கிறவர்களுக்குத் தெரியும்.

மொசார்ட் 18 வயதில், 1774-இல் எழுதிய பசூன் கான்செர்ட்டோவை, அதாவது தனிப் பசூனும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பை, முழுதாகக் கேட்போம். நடுப்பகுதியில் பேச்சு வேண்டாம், அங்கே கருவி பாடுகிறது. இசைக்குழுவில் பசூன் பெரும்பாலும் அடியில் நின்று தாங்கும் குரல். அங்கே உட்கார்ந்து எல்லாரையும் கேட்டுப் பழகியவர் நடத்துநர் ஆனதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

நாகசுரம் படிக்கும் பிள்ளைகளைக் கட்டாயம் அழைத்து வாருங்கள், சீவாளியோடு. கீழக்கரையிலிருந்து வருகிறவர்கள் சனிக்கிழமைக்குள் சொன்னால் வண்டி பேசிவிடலாம்.