பாலக் முளைச்ச சேதி

தண்டையார்பேட்டை
மார்கழி

அன்புள்ள வசந்தா,

இங்கே எல்லாரும் நலம். முட்டிவலி அவருக்கு, புலம்பல் கேக்கறது எனக்கு. சின்னவளுக்கு ஏழாம் மாசம், வளைகாப்புக்குச் சாக்கு சொல்லாம வந்துடு. பூண்டுக்காரம்மா வீட்டை வித்துட்டுப் பெரியபாளையம் பக்கம் போயிட்டாங்க. ஊர்க்கதை அவ்வளவுதான். இப்ப விஷயத்துக்கு வரேன்.

பாலக் முளைச்சிடுச்சு.

சிரிக்காதே. கற்பூரவல்லியையே காயவெச்ச கைன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கே இல்ல, வந்து பாரு. காசிமேட்டுல மீன் வர்ற தெர்மாகோல் பெட்டி நாலைஞ்சு வாங்கி, அடியில துளை போட்டு, சோப்புத் தண்ணி விட்டுக் கழுவி வெயில்ல போட்டேன். வாடை போயிடுச்சுன்னுதான் நினைச்சேன். தெருப்பூனைங்க அப்படி நினைக்கலை. ராத்திரியெல்லாம் மண்ணைக் கிளறிப் போட்டுதுங்க. பழைய கொசுவலையைப் போர்த்தினப்புறம்தான் அடங்குச்சு.

முளைக்கீரை சுலபம்டி. பொடி விதை, மணலோட கலந்து தூவினா மூணு நாலு நாள்ல தலை நீட்டும். எறும்பு மட்டும் தூக்கிட்டுப் போகக்கூடாது. பாலக் விதை அப்படியில்லை, முண்டும் முடிச்சுமா இருக்கும். ஒரே முண்டுக்குள்ள ரெண்டு மூணு விதை. ராத்திரி ஊறவெச்சுக் காலையில அரை விரற்கடை ஆழத்துல ஊணினா, ஒரே இடத்துல கும்பலா கிளம்பும். வாட்டசாட்டமானதை விட்டுட்டு மத்ததைக் கத்தரிக்கோலால நறுக்கணும். பிடுங்கினா பக்கத்து வேரும் கையோட வந்துடும். நாம பாலக்னு வாங்கறது பீட்ரூட் குடும்பமாம், அதான் நம்ம போர்த் தண்ணி உப்பைத் தாங்குது. வெள்ளைக்காரங்க சாப்பிடற ஸ்பினாச் வேற ஜாதி. வெயில் 30 டிகிரியைத் தாண்டினா விதை முளைக்கவே அடம்பிடிக்கும். நம்ம ஊருக்கு அது தோதுப்படாது.

சந்தோஷம் இவ்வளவு. தூக்கத்தைக் கெடுக்கறது வேற. நேத்து ஒரு இலையைத் துடைச்சேன், விரல் நுனியெல்லாம் சாம்பல் நிறத்துல மை. ஹார்பர்ல நிலக்கரி ஏத்தி இறக்கறதை 2011-ல கோர்ட்டு நிறுத்தச் சொன்னப்போ நீயும் நானும் என்னமா குதிச்சோம்! கரி எண்ணூர்ப் பக்கம் போச்சு. கன்டெய்னர் லாரி இங்கேயே நிக்குது. விரல்ல அந்த மையைப் பார்த்ததுலேருந்து கிடைச்சதையெல்லாம் படிச்சுட்டிருக்கேன். ஈயம் பெரும்பாலும் தூசியா இலைமேல ஒட்டறதுதான், வேர் வழியா அவ்வளவா ஏறாது, நல்லா அலசினா கணிசமா போயிடும். காட்மியம்னு இன்னொரு விஷ உலோகம், அதுதான் பயம். மண்ணுல இருந்தா கீரை உறிஞ்சி இலைக்கு ஏத்திடும், அலசினாலும் போகாது. மண் புளிச்சுப் போயிருந்தா இன்னும் ஜாஸ்தி ஏறுமாம். லாரிக்காரன் செம்மண்ணுன்னு கொட்டிட்டுப் போனது எந்தப் பள்ளத்துல அள்ளினதோ?

சின்னவ பருப்பு போட்டுக் கடைஞ்சு தரச்சொல்லிக் கேக்கறா. நான் நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிட்டிருக்கேன். "கடையில வாங்கறது மட்டும் எந்தச் சாக்கடைத் தண்ணியில வளர்ந்ததுன்னு தெரியுமா?"ங்கறார் அவர். நியாயம்தான். ஆனா அது எவனோ விதைச்சது வசந்தா. இதை நானே விதைச்சு, நானே தண்ணி ஊத்தி, நானே வயித்துப் பிள்ளைக்காரிக்கு ஊட்டணும். எனக்குக் கை வரமாட்டேங்குது.

உன் பெரியவன் காலேஜ்ல மண்ணு பார்த்துத் தருவாங்களா? தழைச்சத்து மணிச்சத்து பார்க்கற சாதா பரிசோதனை வேணாம், அதுல இது தெரியாது. ஈயம், காட்மியம் பார்ப்பாங்களா, எவ்வளவு கேப்பாங்கன்னு விசாரிச்சுச் சொல்லு. பெட்டிக்கு ஒரு பொட்டலமா மண்ணைக் கட்டி கூரியர்ல அனுப்பறேன். பிரசாதம்னு நெத்தியில இட்டுக்காதே, உன் கண்ணு லட்சணம் எனக்குத் தெரியும்.

உன்
சரோ