அக்காவுக்கு, மெல்பர்னிலிருந்து

மெல்பர்ன்
ஜூலை 14

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நல்ல குளிர். காலையில் கார் கண்ணாடியெல்லாம் பனி ஊசி ஊசியாகப் படிந்திருக்கிறது. உறைய வைத்த கருவிலிருந்து உலகின் முதல் குழந்தை 1984இல் பிறந்தது இந்த ஊரில்தான். லேபில் என் வேலையும் கருவை உறைய வைப்பதுதான்.

உன் கருவை உறைய வைக்கப் போகிறார்கள் என்றதும், "ஐஸில் வைத்தால் கரு கெட்டுப் போகாதா?" என்று அம்மா கேட்டதாக எழுதியிருந்தாய். ஐஸ் உண்டானால் கெட்டுத்தான் போகும். அதை உண்டாகவிடாமல் பார்ப்பதுதான் எங்கள் தொழிலே. அம்மாவுக்குச் சர்க்கரைப் பாகை வைத்துச் சொல். மெல்ல ஆறினால் கற்கண்டாகத் திரளும். சட்டென்று தண்ணீரில் விட்டால் கண்ணாடி மாதிரி இறுகிவிடும். கருவைக் கண்ணாடியாக்கும் முறைக்கு விட்ரிஃபிகேஷன் என்று பெயர்.

லேபில் வளரும் ஐந்தாம் நாள் கருவுக்குள் நீர் நிறைந்த குழி இருக்கும். லேசரால் சிறு துளையிட்டு முதலில் அதை வடிய விடுவோம். பிறகு ஐஸ் பிடிக்காமல் காக்கும் மருந்துகளான எத்திலீன் கிளைக்காலும் டிஎம்எஸ்ஓவும் தலா 7.5 சதவீதம் கலந்த கரைசலில் பத்துப் பதினைந்து நிமிடம். கரு முதலில் சுருங்கும், பிறகு பழைய அளவுக்கு வரும். அடுத்தது அதே இரண்டும் தலா 15 சதவீதமும், கூடவே சர்க்கரையும் உள்ள கரைசல். இங்கேதான் கை பதறக் கூடாது: ஒரு நிமிடம், மிஞ்சினால் தொண்ணூறு நொடி. அதற்கு மேல் போனால் மருந்தே நஞ்சு. மெல்லிய பிளாஸ்டிக் பட்டையின் நுனியில் கருவை ஏற்றி, கூட வந்த கரைசலை உறிஞ்சி எடுத்துவிட்டு, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் முக்குவோம். சொட்டு பெரிதாக நின்றுவிட்டால் குளிர் மெதுவாக ஏறும், ஐஸ் கட்டிவிடும். பலர் சறுக்குவது அந்த இடத்தில்தான்.

வெளியே எடுக்கும்போது வேகம் இன்னும் முக்கியம். நைட்ரஜனிலிருந்து நேரே 37 டிகிரி கரைசலில் விட வேண்டும். தயங்கினால் அந்த இடைவெளியிலேயே ஐஸ் பிடிக்கும். அந்தக் கரைசலிலும் சர்க்கரை தூக்கலாக இருக்கும், இல்லாவிட்டால் தண்ணீர் பாய்ந்து செல் வெடிக்கும். ஓரிரண்டு மணி நேரத்தில் சுருங்கிக் கிடந்த கரு மெல்ல உப்பி வட்டமாகும். எத்தனை தடவை பார்த்தாலும் மனசு நிறையும், அக்கா.

நீ போகும் ஆஸ்பத்திரியில் மூன்று கேள்வி கேள். ஐந்தாம் நாள் கருவையா உறைய வைக்கிறார்கள்? உறைய வைத்து வெளியே எடுத்தவற்றில் நூற்றுக்கு எத்தனை பிழைக்கின்றன? கருவை வைத்திருக்கும் தொட்டியில் நைட்ரஜன் குறைந்தால் ராத்திரியில் யாருக்கு அலாரம் அடிக்கும்? மூன்றாவதை விட்டுவிடாதே. 2018 மார்ச்சில் அமெரிக்காவில் கிளீவ்லாந்திலும் சான் பிரான்சிஸ்கோவிலும் ஒரே வார இறுதியில் தொட்டிகள் பழுதாகி, ஆயிரக்கணக்கான முட்டைகளும் கருக்களும் பாதிக்கப்பட்டன.

கருவை உள்ளே வைப்பதற்கு முன் தரும், கர்ப்பப்பையைத் தயார்படுத்தும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோனை அவர்கள் குறித்துத் தரும் நேரத்துக்கே எடுத்துக்கொள். கர்ப்பப்பையும் கருவும் ஒரே நாள் கணக்கில் இருக்க வேண்டும்.

நம் இந்தியாவில் செயற்கைக் கருத்தரிப்பு பற்றிய 2021 சட்டப்படி கருவைப் பத்து ஆண்டு வரைதான் வைத்திருக்கலாம். அதற்குப் பிறகு அழிய விடுவதா, ஆராய்ச்சிக்குக் கொடுப்பதா என்று சம்மதப் படிவத்தில் கேட்டிருப்பார்கள். நீயும் அத்தானும் பேசி முடிவெடுத்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். அதற்கு முன்னால் படிவத்தை ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பு, படித்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் தங்கை